வெள்ளவத்தை ஃபிளாட்டில் சின்னக் கடல்நீர்ப் பவளத் தொட்டி: எங்கே தொடங்குவது?

நிலவன்_வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். நன்னீர் மீன் வளர்த்து நல்ல பழக்கம் உண்டு. கப்பியில் தொடங்கி டிஸ்கஸ் வரை வந்தாயிற்று. இப்போது கடல்நீர்த் தொட்டி ஒன்று வைக்க ஆசை. வீடு காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில், மூன்றாம் மாடி. ஹோலில் 60 × 45 × 45 சென்ரிமீற்றர் தொட்டிக்கு இடம் இருக்கிறது. ஹோலில் ஏசி இல்லை.

கேட்க வேண்டியவை இவைதான். கடல் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது, தண்ணீரை அங்கேயே அள்ளலாமா? இல்லாவிட்டால் ஆனையிறவு உப்பைக் கரைத்துக்கொள்ளலாமா? இறக்குமதி உப்பு வாளி விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. மீன் கடையில், "இரண்டு டாம்சல் மீனைப் போட்டு ஒரு கிழமை ஓட விடுங்கள், பிறகு என்ன வேண்டுமானாலும் போடலாம்" என்றார்கள். அது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அவசரம் இல்லை.

ஆழிமதி

தம்பி, உப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேதியியல் படிப்பிக்கிறவள், இதில் விடமாட்டேன்.

ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை எந்த உப்பளமானாலும் வேலை ஒன்றுதான். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்ற வைக்கிறார்கள். வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் கல்சியம் காபனேற்று இறங்கிவிடும். அடுத்து ஜிப்சம். தண்ணீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் நாம் சாப்பிடுகிற சோடியம் குளோரைட்டு படியத் தொடங்கும். மக்னீசியம், பொற்றாசியம் எல்லாம் கடைசியில் மிஞ்சுகிற கசப்பு நீரோடு வெளியே போகிறது. சமையலுக்கு நல்ல உப்பு என்றால் கல்சியமும் மக்னீசியமும் போன உப்பு என்றுதான் அர்த்தம்.

பவளத்துக்கு வேண்டியது அந்தப் போன பொருட்கள்தான். கடல்நீர் ஒரு கிலோவில் மக்னீசியம் 1.28 கிராம் அளவில் இருக்கும், கல்சியம் 0.41 கிராம். பவளம் தன் எலும்பைக் கட்டுவது இந்தக் கல்சியத்தை வைத்து. கறியுப்பைக் கரைத்து, கடல்நீரைப் போல 35 (கிலோவுக்கு 35 கிராம் உப்பு) என்று அளவி காட்டினாலும் அது கடல்நீர் ஆகாது. வெறும் உப்புத்தண்ணீர். அதில் மீன் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கலாம், பவளம் தாங்காது.

எனவே பவளத் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பை வாங்குங்கள். லீற்றருக்கு 35 முதல் 38 கிராம் வரை போகும். உங்கள் தொட்டியில் கல், மணல் போக 100 லீற்றர் நிற்கும், ஆகவே தொடக்கத்துக்கு 4 கிலோ போதும். பிறகு கிழமைக்கு 10 லீற்றர் மாற்றினால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. வாளி விலையைப் பார்த்துப் பயப்படாமல் மாதத்துக்கு என்ன விழும் என்று கணக்குப் போடுங்கள்.

கடற்பாசி

அக்கா உப்பைச் சொல்லிவிட்டார். கொழும்பில் ஒருவர் தொட்டி வைக்கப் போகிறார் என்றால் நான் முதலில் கேட்பது சூட்டைப் பற்றித்தான். வெளிநாட்டுக் காணொளிகள் எல்லாம் ஹீற்றரில் தொடங்கும். எங்களுக்கு ஹீற்றர் தேவையே இல்லை, ஏசி அறையில் வைத்தால் தவிர. எங்கள் சிக்கல் நேர் எதிரானது.

ஏசி இல்லாத ஹோல் பகலில் 30, 31 பாகை போகும். பம்ப் தண்ணீருக்குள் ஓடுகிறது, மேலே விளக்கு எரிகிறது, இரண்டும் சேர்ந்து தண்ணீரை அறையை விட ஒரு பாகையாவது ஏற்றும். மார்ச், ஏப்ரலில் 32ஐத் தொட்டுவிடும். பவளப்பாறை உள்ள கடல் இயல்பாகவே 27, 28 பாகை, ஆகவே சூடு பழகிய உயிர்தானே என்று பலர் நினைக்கிறார்கள். பழகியதுதான், ஆனால் எல்லைக்கு மிக அருகில் நின்று பழகியது. வழக்கமான உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரே ஒரு பாகை ஏறிச் சில கிழமை நின்றால் பவளம் தன் தசைக்குள் வாழும் பாசியை வெளியே துப்பி வெளுத்துவிடும். 1998இல் ஹிக்கடுவையில் நடந்தது அதுதான். 2016இலும் இங்கே வெளுத்தது. அவ்வளவு பெரிய கடலே தாங்கவில்லை, 100 லீற்றர் எம்மட்டு?

சூடு ஏறும்போது ஒட்சிசனும் குறையும். கடல்நீர் 25 பாகையில் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் அளவு பிடித்து வைத்திருக்கும், 30இல் 6.2தான். மீன் வேகமாக மூச்சு விடுகிறது என்று மருந்து தேடுகிறவர்கள் முதலில் வெப்பமானியைப் பார்க்க வேண்டும்.

இதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின். நிச்சயமான வழி, ஆனால் மற்றச் சாமான் எல்லாவற்றையும் விட அதிக விலை போகக்கூடியதும் அதுதான். மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறை என்பதால், மாதத்து யூனிட் அடுத்த படிக்குத் தாவினால் மொத்தப் பில்லும் பெருக்கும். அதோடு சில்லர் தண்ணீரில் இருந்து எடுக்கிற சூட்டை வெளியேதான் ஊதும். அதை மேசைக்குள் வைத்து மூடினால் தன் சூட்டையே திரும்ப இழுக்கும். பல்கனிப் பக்கம் காற்றோட்டமாக வையுங்கள்.

இரண்டாவது மின்விசிறி. தண்ணீர் மேற்பரப்பில் சரிவாகக் காற்று பட வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டு போகிறது. ஒரு நாளில் ஒரு லீற்றர் ஆவியானால் நாள் முழுக்க 28 வாட் சூட்டை விடாமல் வெளியே எடுத்ததற்குச் சமம். உங்கள் பம்ப் 10 வாட், விளக்கு 40 வாட் என்றால் அந்தக் கூடுதல் சூட்டை ஒரு விசிறி சமாளிக்கும். ஆனால் கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். வறண்ட ஊரில் மூன்று, நான்கு பாகை இறங்கும் விசிறி இங்கே ஒன்றோ இரண்டோதான் இறக்கும். மழை நாளில் அதுவும் இல்லை.

மூன்றாவது இடத்தை மாற்றுவது. மேற்குப் பக்க யன்னல், பின்னேர வெயில் விழும் சுவர், குளிர்சாதனப்பெட்டியின் முதுகு, இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். இரவு முழுக்க ஏசி ஓடும் படுக்கையறையில் வைத்தால் இன்னொரு தொல்லை: இரவில் 25, பகலில் 30 என்று ஊசலாடும். நிலையாக 27.5இல் நிற்கும் தொட்டி, 25க்கும் 30க்கும் ஆடுகிற தொட்டியை விட எவ்வளவோ நல்லது.

என் யோசனை: தொட்டி வாங்க முன்னம், வைக்கப் போகிற இடத்தில் ஒரு பெரிய வாளித் தண்ணீரை வைத்து, காலை, பின்னேரம், இரவு என்று சில நாட்கள் வெப்பத்தை எழுதுங்கள். அந்தக் கடதாசியைப் பார்த்துவிட்டுத்தான் சில்லரா விசிறியா என்று முடிவு எடுக்க வேண்டும்.

நிலவன்_வெள்ளவத்தை

வாளி வைத்துவிட்டேன் அண்ணா. இன்னொரு கேள்வி. விசிறி போட்டு நாளுக்கு இரண்டு லீற்றர் வற்றினால், அதற்குப் பதிலாகக் கடல்நீர்தானே ஊற்ற வேண்டும்?

ஆழிமதி

இல்லை, இல்லை. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். உப்பில்லாத நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். 100 லீற்றரில் 2 லீற்றர் போனால் 35 இருந்தது 35.7 ஆகும். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 37ஐத் தாண்டும். வற்றியதற்குப் பதிலாகக் கடல்நீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் உப்பு சேர்ந்து நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். மட்டம் குறைந்ததும் தானாக நிரப்பும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது, விசிறி போடுகிற எல்லோரும் அதை வாங்க வேண்டும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் போத்தல் கொடுத்து விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

நிரப்புகிற தண்ணீர் குழாய்த் தண்ணீராக இருக்கக்கூடாது. குளோரீன் ஒரு பக்கம். அதை விட, அதில் உள்ள சிலிக்கேற்றும் பொசுபேற்றும் நாளுக்கு நாள் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். முதலில் கண்ணாடியில் மண்ணிறப் படலம், பிறகு கல் முழுக்கப் பச்சை மயிர்ப்பாசி. ஆர்.ஓ. தண்ணீர் (மெல்லிய சவ்வு வழியாக வடித்துக் கரைந்த பொருட்களை நீக்கியது) எடுங்கள். குடிதண்ணீருக்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷின்களில் சுவைக்காகக் கடைசியில் கனிமம் சேர்க்கும் குழல் ஒன்று இருக்கும். அதற்கு முன்னாலிருந்து குழாய் பிரித்து எடுக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் பொருளைக் காட்டும் டி.டி.எஸ். அளவி பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் சரி.

தெஹிவளை_அலை

எல்லோரும் செயற்கை உப்பைச் சொல்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டுத் தொட்டி இயற்கைக் கடல்நீரில்தான் ஓடுகிறது, பவளம் வளர்கிறது. உலகத்தில் எத்தனையோ பொது மீன்காட்சியகங்கள் கடல்நீரைத்தான் வடித்துப் பாவிக்கின்றன. உப்பு வாளிக்காக டொலர் அனுப்பிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் எங்கே, எப்போது எடுக்கிறோம் என்பது முக்கியம். வெள்ளவத்தைக் கரையில் இறங்கி வாளியால் அள்ளவே கூடாது. வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கழிவோடு அங்கேதான் கடலில் சேருகின்றன. வடக்கே முகத்துவாரப் பக்கம் களனி கங்கை விழுகிறது. எங்களுக்குத் தெரிந்த படகுக்காரர் கரையை விட்டு நன்றாகத் தள்ளிப் போய், நீலம் தொடங்கிய பிறகு, மேற்பரப்பில் எடுக்காமல் கொஞ்சம் கீழே இருந்து எடுத்துத் தருவார். டிசம்பர் தொடக்கம் ஏப்ரல் வரைதான். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, கடல் கலங்கியிருக்கும், மழைத் தண்ணீரால் உப்பும் குறையும். அந்தக் காலத்துக்கு முன்கூட்டியே சேமிக்க வேண்டும். மூடிய பரலில், இருட்டில், சில கிழமை வைத்து, அடியில் படிந்ததை விட்டு மேலே உள்ளதை மட்டும் மெல்லிய துணிப்பையில் வடித்துப் பாவிக்கிறோம்.

கடற்பாசி

அலை சொல்வது முறையாகச் செய்தால் நடக்கிற காரியம்தான். ஆனால் அது படகுக்காரரும், பரல் வைக்க முற்றமும் உள்ளவர்களுக்கு. மூன்றாம் மாடி ஃபிளாட்டில் 200 லீற்றர் பரலை எங்கே வைப்பது?

இன்னொன்றும் என் மனதை விட்டுப் போகவில்லை. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து, பிறகு மூழ்கியது. நைத்திரிக் அமிலமும் கோடிக்கணக்கான பிளாஸ்ரிக் மணிகளும் அந்தக் கப்பலில் இருந்தன. கரையில் குவிந்து கிடந்த வெள்ளை மணிகளை நாங்கள் எல்லோரும் கண்டோம். துறைமுக நகரம் ஒன்றின் கடலில் இன்றைக்கு எந்தக் கப்பல் எதைக் கழுவி ஊற்றியது என்று கரையில் நிற்கிறவருக்குத் தெரியாது. மீன் நீந்திப் போய்விடும், தொட்டிக்குள் உள்ளது எங்கே போகும்? புதிதாகத் தொடங்குகிறவர் கலவை உப்பில் தொடங்கட்டும். ஏதாவது பிழைத்தால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டியிருக்காது. அதுவே பெரிய உதவி.

தெஹிவளை_அலை

அதை மறுக்கவில்லை அண்ணா. தொடங்குகிறவருக்குக் கலவை உப்பு என்பதை ஏற்கிறேன். ஆனால் கடல்நீரே கூடாது என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கொட்டாஞ்சேனை_வயர்மன்

மின்சாரத்தை ஒருவரும் தொடவில்லையே. நான் வயரிங் வேலை செய்கிறவன். கடல்நீர்த் தொட்டி உள்ள வீடுகளில் பிளக் பொயின்ரைத் திறந்து பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும்.

நடப்பது இதுதான். பம்ப் வயர் தண்ணீரில் இருந்து விளிம்பு தாண்டி வெளியே வருகிறது. விளிம்பில் தெறிக்கும் துளி காய்ந்து வெள்ளைப் பொருக்காகும். அந்தப் பொருக்கு ஈரத்தை இழுக்கும், அதன் மேல் அடுத்த துளி காயும், அப்படியே வயர் வழியாக விரல் விரலாக நகர்ந்து ஒரு நாள் பிளக்குக்குள் போய்ச் சேரும். கடல்நீர் நன்றாக மின்கடத்தும், உங்களுக்குத் தெரியும். ஆகவே பிளக் பொயின்ற் தொட்டி மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில் இருக்கட்டும். மேலே வைக்க முடியாவிட்டால் ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு முன்னால் ஒரு தடவை கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். துளி அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். கிழமைக்கு ஒரு தடவை ஈரத் துணியால் வயரைத் துடையுங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு.

மின்சாரம் கசிந்தால் கரண்டை வெட்டும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அதை மாற்றும் வரை தொட்டிக்குக் கை வைக்க வேண்டாம். பழைய ஃபிளாட்டுகளில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்றும் ஒருவரைக் கொண்டு அளவிட வையுங்கள்.

கரண்ட் போவதைப் பற்றி: 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். அப்போது பலருடைய தொட்டிகள் அழிந்ததைக் கண்டேன். கரண்ட் போனதும் தண்ணீர் ஓட்டம் நிற்கும், ஒட்சிசன் இறங்கும், கல்லில் உள்ள பக்ரீரியாவும் சேர்ந்து மூச்சுவிடும். விளக்கு ஒரு நாள் எரியாவிட்டால் ஒன்றும் ஆகாது. அலைப் பம்ப் நிற்கக்கூடாது. 12 வோல்ற்றில் ஓடும் அலைப் பம்ப் ஒன்றையும் அதற்கு ஏற்ற பற்றரியையும் வாங்குங்கள். குறைந்தபட்சம் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

நிலவன்_வெள்ளவத்தை

நன்றி அண்ணா, ட்ரிப் சுவிட்ச் பார்த்தேன், விழுகிறது. வாளிக் கணக்கும் வந்துவிட்டது: காலை 28, பின்னேரம் 29.5. யன்னல் திறந்திருக்கும் இடம், கடற்காற்று வருகிறது.

கல் பற்றிக் கேட்க வேண்டும். ஹிக்கடுவைப் பக்கம் போகும்போது கரையில் செத்த பவளக் கற்கள் நிறையக் கிடக்கும். நாலைந்து கொண்டு வந்தால் போதாதா? கிளவுன் மீனுக்கு அனிமோனும் வைக்க ஆசை. பவுடர் புளூ டாங் என்ற நீல மீன் ஒன்றும் கடையில் கண்டேன், கண்ணை எடுக்க முடியவில்லை.

சுழியோடி_கற்பிட்டி

தம்பி, தயவுசெய்து அந்தக் கற்களைத் தொட வேண்டாம். வன்பவளங்கள் இந்த நாட்டில் சட்டப்படி காக்கப்பட்டவை, கரையோரத்தில் பவளக்கல் எடுப்பதும் தடை. ஹிக்கடுவை தேசியப் பூங்கா வேறு. எல்லா வன்பவளங்களும் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, வெளிநாட்டில் இருந்து வந்தாலும் அனுமதிக் கடதாசி வேண்டும். கடையில் கொம்புப் பவளம் உயிரோடு இருந்தால் "எங்கிருந்து வந்தது, கடதாசி எங்கே" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள். பெரிய சிப்பிக்கும் அதே கதைதான்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தென்மேற்குக் கரையில் ஒரு காலம் பவளத்தை உடைத்துச் சூளையில் இட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். பாறை போன இடத்தில் கடல் கரையை அரித்தது. 'நாலு கல்தானே' என்று ஒவ்வொருவரும் எடுத்துத்தான் அது போனது.

நான் அலங்கார மீன் பிடிக்க முங்கியவன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கும் தெற்கும், தென்மேல் காற்று தொடங்கினால் திருகோணமலை, மட்டக்களப்பு. கடையில் எந்த மாதம் எந்த மீன் வரும் என்பது அந்தக் காற்றைப் பொறுத்தது. வலைக்குள் வரும்போது பவுடர் புளூ எப்படித் துடிக்கும் என்று எனக்குத் தெரியும். நீளமான பாறை முழுக்க மேய்ந்து திரிகிற மீன் அது. 20 சென்ரிமீற்றரைத் தாண்டி வளரும். இரண்டடித் தொட்டியில் அது இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவருக்கு இரண்டு தடவை வாலை வீசினால் முடிந்தது. முதலில் வெள்ளைப் புள்ளி நோய் வரும், பிறகு செத்துவிடும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பவளத்தின் தசையைத் தவிர வேறு எதையும் தொடாதவை உண்டு. அவற்றைக் கடைத் தொட்டியில் காணும்போது மனம் சரியில்லாமல் போகும். பட்டினியில் சாகப் போகிறது என்று தெரிந்துதான் பார்க்கிறேன்.

கிளவுன் மீன் வையுங்கள், ஆனால் தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்ததாக வாங்குங்கள். எங்கள் கடலில் உள்ள கறுப்புத் துடுப்புக் கிளவுன், மாலைதீவுப் பக்கமும் இங்கேயும் இருப்பது, பெரிய அனிமோன் ஒன்றை மட்டுமே வீடாக்கும். அந்த அனிமோன் உங்கள் தொட்டியின் பாதியைப் பிடித்துவிடும். வளர்ப்புக் கிளவுனுக்கு அனிமோன் இல்லாமலே வாழத் தெரியும். அனிமோன் நடக்கிற உயிர், புதுத் தொட்டியில் நடந்து போய்ப் பம்புக்குள் சிக்கினால் தொட்டி முழுக்க நஞ்சு.

அலைமகள்

கல்லுக்கு வழி சொல்கிறேன். தொட்டிக்கென்று செய்த பீங்கான் கல் அல்லது இறக்குமதி உலர்கல் வாங்கலாம். கையால் செய்யவும் முடியும்: சீமெந்து ஒரு பங்கு, நொறுக்கிய சிப்பி ஓடு மூன்று பங்கு, ஓட்டைகள் வருவதற்குக் கல்லுப்பு. ஈரமணலில் குழி பறித்து வார்த்தால் விரும்பின வடிவம் வரும். காய்ந்த பிறகு நன்னீரில் ஊற வைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சீமெந்துக் காரம் இறங்கி, ஒரு நாள் ஊறிய தண்ணீரின் பி.எச். 8.3க்குக் கீழே வரும் வரை தொட்டிக்குள் வைக்கக்கூடாது. ஒன்றிரண்டு மாதம் போகும். எங்கள் வீட்டுக் கல்லில் முதலில் சீமெந்து நிறம் தெரிந்தது, இப்போது ஊதாச் சுண்ணப்பாசி மூடிவிட்டது, யாரும் நம்பமாட்டார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு விஷயம். எல்லோரும் தொடக்கத்தில் வாங்கச் சொல்வது சோவான்திட் என்ற பவளம் போன்ற உயிர். பொத்தான் பொத்தானாக நிறம் நிறமாக இருக்கும், வளர்ப்பதும் எளிது. ஆனால் அதில் சில வகைகளில் பலிடொக்சின் இருக்கிறது, இயற்கையில் உள்ள மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. அது ஒட்டிய கல்லைச் சுடுதண்ணீரில் போடுவதோ அவிப்பதோ தேய்த்துப் பறக்க விடுவதோ கூடாது. அந்த ஆவியை மூச்சில் எடுத்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். வெட்டுவதானால் கையுறை, கண்ணாடி. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் காளான் பவளத்தையே சொல்வேன். வெளிச்சம் குறைந்தாலும் வாழும், வெப்பத்தில் சற்று ஏற்ற இறக்கம் வந்தாலும் தாங்கும்.

நிலவன்_வெள்ளவத்தை

வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறாள். காளான் பவளம்தான் அப்போது. கல்லும் கையாலேயே செய்கிறேன் அக்கா. டாம்சல் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஆழிமதி

டாம்சல் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை ஒரு வகை பக்ரீரியா நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். புதுக் கல்லில் இவை இரண்டும் இல்லை. இவை குடியேறும் வரை மீனைப் போட்டு வைப்பது, அந்த மீனை அமோனியாவில் செவுள் வேக விடுவது. உயிர் பிழைத்தாலும் டாம்சல் பிறகு தொட்டிக்கே ராசாவாகிவிடும், புதிதாக வரும் கிளவுனைக் கடித்தே கொல்லும். கல்லை எல்லாம் பிரிக்காமல் அதைப் பிடிக்கவும் முடியாது.

மீன் இல்லாமலே செய்யலாம். அமோனியம் குளோரைட்டுக் கரைசலால் அமோனியாவை 2 பி.பி.எம். (லீற்றருக்கு 2 மில்லிகிராம்) வரை ஏற்றுங்கள். போத்தலில் வரும் உயிருள்ள பக்ரீரியாவைச் சேர்த்தால் வேகமாகும். விளக்கு எரிக்க வேண்டாம், எரித்தால் பாசிதான் முதலில் குடியேறும். 2 பி.பி.எம். அமோனியா ஒரு நாளுக்குள் பூச்சியமாகி, நைத்திரைற்றும் பூச்சியமானால் தொட்டி தயார். நாலு முதல் ஆறு கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சூட்டில் சில வேளை அதற்கு முன்னமே முடியும். ஆனால் நாட்காட்டியைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், சோதனைக் குழாயின் நிறத்தைப் பாருங்கள்.

அதற்குப் பிறகு மண்ணிறப் படலம் வரும். வந்தே தீரும், வந்த மாதிரியே போகும். அந்தக் கட்டத்தில் பயந்து போத்தல் போத்தலாக மருந்து ஊற்றுகிறவர்கள்தான் தொட்டியைக் கெடுக்கிறார்கள். நத்தைகளை விடுங்கள், போதும்.

கடற்பாசி

மீன் வரும்போது நேரே தொட்டிக்குள் விடாமல், வேறொரு சின்னத் தொட்டியில் ஒரு மாதமாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்கு மருந்து செம்பு. செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும், ஆகவே பவளத் தொட்டிக்குள் அதை ஒருபோதும் ஊற்ற முடியாது. ஒட்டுண்ணி உள்ளே நுழைந்துவிட்டால் மீன்களை எல்லாம் வெளியே எடுத்து, பவளத் தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் வெறுமையாக ஓட விட வேண்டிவரும்.

தம்பியின் வெப்பக் கணக்கைப் பார்த்தேன். 28க்கும் 29.5க்கும் இடையில் என்றால், பம்பும் விளக்கும் ஏற்றுவதை விசிறி திரும்ப எடுத்துவிடும். காளான் பவளத்துக்கு அது போதும். ஏப்ரலில் 30ஐத் தாண்டும் நாட்களில் விளக்கைப் பகலில் எரிக்காமல் பின்னேரம் ஆறு மணி முதல் இரவு பதினொன்று வரை எரியுங்கள். பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்கும் மணித்தியாலம்தான் கணக்கு, சூரியன் எப்போது நிற்கிறது என்பது அல்ல. கொம்புப் பவளம் பற்றி சில்லர் இல்லாமல் யோசிக்க வேண்டாம்.

பாரத்தையும் பாருங்கள். தண்ணீர் மட்டும் 100 கிலோவுக்கு மேல், 10 மில்லிமீற்றர் கண்ணாடி 30 கிலோ, கல், மணல், மேசை சேர்ந்தால் 170ஐத் தாண்டும். ஹோலின் நடுவில் வேண்டாம், சுவரோரம், முடிந்தால் தூணுக்குப் பக்கத்தில். பலகைத் தூள் அழுத்திச் செய்த அலுமாரி மேல் வைக்க வேண்டாம், உப்பு ஈரம் பட்டதும் உப்பிவிடும். பெயின்ற் அடித்த இரும்புச் சட்டம் போதும்.

நிலவன்_வெள்ளவத்தை

இரும்புச் சட்டத்துக்கு ஓடர் கொடுத்துவிட்டேன். சீமெந்துக் கல் நேற்று வார்த்தது, பல்கனியில் காய்கிறது. கடைசியாக ஒன்று: கல் ஊறி முடிந்து, அமோனியாவும் இறங்கிய பிறகு எது முதலில் போக வேண்டும், மீனா பவளமா? உப்பு, வெப்பம் தவிர வேறு எவற்றை அளக்க வேண்டும்?

கடற்பாசி

முதலில் நத்தைகள். பிறகு ஒரே ஒரு கல்லில் ஒட்டிய காளான் பவளம். அது இரண்டு, மூன்று கிழமை விரிந்து நின்றால், தனியே வைத்துப் பார்த்த கிளவுன் சோடி. அதற்குப் பிறகு பிடித்தால் கிளீனர் இறால் ஒன்று. அந்த அளவோடு ஆறு மாதம் நில்லுங்கள்.

அளவுகள்: உப்பு 35, அடர்த்தி 1.026 என்று காட்டும் அளவியானால் அதுவும் சரி. அளவியை 35 கரைசலால் சரிபாருங்கள், வெறும் தண்ணீரால் மட்டும் பார்ப்பது போதாது. காரத்தன்மை 8 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) பக்கத்தில், கிழமைக்கு ஒரு தடவை. நைத்திரேற்று 2 முதல் 10 பி.பி.எம். வரை இருக்கலாம், பூச்சியமாக்கப் பாடுபட வேண்டாம், பவளத்துக்கும் கொஞ்சம் சாப்பாடு வேண்டும். கல்சியமும் மக்னீசியமும் காளான் பவளத் தொட்டியில் கிழமைக்கு 10 லீற்றர் மாற்றுவதாலேயே சரியாக நிற்கும், அவற்றுக்கான சோதனைப் பெட்டியை இப்போது வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு வயர்மன் சொன்ன பற்றரியை வாங்குங்கள்.

கொட்டாஞ்சேனை_வயர்மன்

பற்றரி வாங்க முன்னம் அலைப் பம்பின் அடப்ரரில் எழுதியிருக்கும் வோல்ற்றைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். 12 என்று இருந்தால் எது வாங்குவது என்று சொல்கிறேன், 24 என்றால் வயரிங் வேறு மாதிரி.